ரேஸ் கோர்ஸைக் காப்பாற்ற கேசினோ உதவுமா? சர்ச்சில் டவுன்ஸ் போன வழியும் மற்ற வழிகளும்

ஒரு ரேஸ் கோர்ஸ். கூட்டம் வருடா வருடம் குறைகிறது. பரிசுப் பணம் குறைவு என்பதால் நல்ல குதிரைகள் பக்கத்து மாநிலத்துக்குப் போகின்றன. நல்ல குதிரைகள் இல்லாததால் பந்தயம் கட்டுகிறவர்களும் பின்னாலேயே போய்விடுகிறார்கள். இந்த நேரத்தில் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கேசினோ திறக்கிறது. ரேஸ் கோர்ஸை நடத்தும் நிறுவனம் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இந்தக் கேள்வி உண்மையாகவே வந்தது. லூயிவில் நகரத்தில் 1875 முதல் கென்டக்கி டெர்பி என்ற புகழ்பெற்ற குதிரைப் பந்தயத்தை நடத்திவரும் நிறுவனம் சர்ச்சில் டவுன்ஸ். 1998இல் ஒஹாயோ ஆற்றின் இண்டியானா கரையில், அந்த ஊர்க்காரர்கள் காரில் சுலபமாகப் போய்விடக்கூடிய தூரத்தில், பெரிய படகுக் கேசினோ ஒன்று வந்தது. கென்டக்கியில் கேசினோவுக்கு அனுமதி இல்லை. அன்று பந்தயம் மட்டுமே நடத்திக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தின் வருமானம் 2024இல் 270 கோடி டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி சூதாட்ட எந்திரங்களும் கேசினோக்களும் கொடுத்தது.

இதைப் பலர் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். பங்கு வாங்கியவர்களுக்கு அது வெற்றிக் கதைதான். எனக்குக் குதிரைப் பந்தயம் பிடிக்கும். அதனால் இங்கே நான் வேறு அளவுகோலை வைத்துக்கொள்கிறேன்: கேசினோவிலிருந்து வரும் பணம் குதிரை லாயத்துக்கு எவ்வளவு வருகிறது, எத்தனை காலம் வரும்? நஷ்டத்தில் ஓடும் திடலுக்கு முன்னால் நான்கைந்து வழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் யாராவது போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பந்தயத்தில் எல்லோரும் கட்டிய பணம் ஒரே குவியலில் சேர்கிறது. திடல் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. சர்ச்சில் டவுன்ஸ் 2014இல் உயர்த்திய விகிதப்படி ஒரே குதிரையின் மேல் கட்டும் வின், பிளேஸ் போன்ற சாதாரணப் பந்தயங்களில் 100 டாலருக்கு 17.50 டாலரும், எந்தெந்தக் குதிரை எந்த வரிசையில் வரும் என்று கட்டும் எக்ஸாக்டா, டிரைஃபெக்டா வகைகளில் 22 டாலரும் பிடித்தம். அந்தப் பிடித்தத்திலிருந்துதான் வரி, பரிசுப் பணம், திடலின் மண்ணையும் புல்லையும் பராமரிக்கும் செலவு எல்லாம் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பந்தயம், இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம். ஸ்லாட் எந்திரத்துக்குத் தீனி வேண்டாம், ஜாக்கி வேண்டாம், கால்நடை மருத்துவர் வேண்டாம். சில நொடிக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்கினால் போதும், ராத்திரி முழுக்க ஓடும். இந்தப் போட்டியில் குதிரை தனியாக நின்று ஜெயிக்க முடியாது.

ஆனாலும் சர்ச்சில் டவுன்ஸ் முதலில் பந்தயத்தை நம்பித்தான் இறங்கியது. இன்னும் நிறைய ரேஸ் கோர்ஸ்களை வாங்கி, அவற்றின் பந்தயங்களை டிவி வழியே ஊர் ஊராக விற்கலாம் என்பது திட்டம். 1998இல் எல்லிஸ் பார்க், 1999இல் ஃபுளோரிடாவின் கால்டர், அதே வருடம் 14 கோடி டாலருக்குக் கலிஃபோர்னியாவின் ஹாலிவுட் பார்க், 2000இல் சிகாகோ பக்கத்திலிருக்கும் அர்லிங்டன், 2004இல் நியூ ஆர்லியன்ஸின் ஃபேர் கிரவுண்ட்ஸ் என்று வரிசையாக வாங்கினார்கள். 2004 நவம்பரில் ரேஸ் கோர்ஸ்களுக்கு ஸ்லாட் எந்திரம் கிடைக்க வழிசெய்யும் யோசனை ஒன்றைக் கலிஃபோர்னியா வாக்காளர்கள் பெரும்பான்மையாக நிராகரித்தார்கள். அடுத்த வருடமே ஹாலிவுட் பார்க் 26 கோடி டாலருக்கு ஒரு நில நிறுவனத்திடம் போய்விட்டது. 2013 கடைசியில் அங்கே பந்தயம் நின்றது. இன்று அந்த இடத்தில் சோஃபை அமெரிக்கக் கால்பந்து மைதானம் இருக்கிறது. நகரத்துக்குள் பெரிய பரப்பில் நிலம் வைத்துக்கொண்டு பந்தயம் மட்டும் நடத்துவது என்றால், ஒவ்வொரு வருடமும் அந்த நிலத்தின் விலையோடும் சேர்த்துப் போட்டி போட வேண்டும். இந்த வழி தானாக நிற்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

1999இல் ஹாலிவுட் பார்க்கை சர்ச்சில் டவுன்ஸுக்கு விற்றவர்கள் கதை இன்னும் பேசும். விற்றது ஹாலிவுட் பார்க் என்ற பெயரையே வைத்திருந்த நிறுவனம். 90களின் கடைசியில் பூம்டவுன், கேசினோ மேஜிக் என்று கேசினோ நிறுவனங்களை வாங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் தன் பெயருக்குக் காரணமான திடலையே விற்று, 2000இல் பினக்கிள் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2018இல் பினக்கிளை விழுங்கியது பென் நேஷனல். அதுவும் பென்சில்வேனியாவில் 1972இல் ஒரே ஒரு ரேஸ் கோர்ஸாகத் தொடங்கியதுதான். 1997இல் மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன் திடலை வாங்கி ஸ்லாட் எந்திரம் வைத்தது. 2005இல் சுமார் 220 கோடி டாலருக்கு ஆர்கோசி கேசினோ நிறுவனத்தை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் குதிரைகள் நினைவுக்கு வரும்?

சரி, திடலுக்குள்ளேயே எந்திரம் வைக்கும் வழியைப் பார்ப்போம். ரேஸ் கோர்ஸும் கேசினோவும் ஒரே வளாகத்தில் இருப்பதை அங்கே ரேசினோ என்பார்கள். எந்திர வருமானத்தில் இத்தனை சதவீதம் பரிசுப் பணத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் எழுதுவார்கள். இதில் எனக்கு நல்லதாகப் படுவது நியூயார்க். அக்வடக்ட் திடலில் 2011 அக்டோபரில் எந்திரக் கூடம் திறந்தது. அதை நடத்துவது மலேசியாவின் கெந்திங் குழுமம். பந்தயத்தை நடத்துவது நியூயார்க் ரேசிங் அசோசியேஷன். எந்திர வருமானத்தில் சுமார் 7 சதவீதம் பரிசுப் பணத்துக்கு, 4 சதவீதம் கட்டடச் செலவுக்கு, 3 சதவீதம் நடத்தும் செலவுக்கு என்று ஒதுக்கினார்கள். பந்தயம் நடத்துகிறவர் வேறு, எந்திரம் நடத்துகிறவர் வேறு. அதனால் ‘குதிரையை விட்டுவிட்டால் லாபம் கூடுமே’ என்ற சபலம் ஒரே மேசையில் உட்காருவதில்லை. 2006இல் திவால் மனு போட்ட சங்கம் அது. இந்தப் பணம் வந்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது.

ஆனால் சட்டம் கொடுத்ததைச் சட்டமே எடுத்துக்கொள்ளவும் முடியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1998 முதல் ரேஸ் கோர்ஸ்களில் எந்திரங்கள் இருந்தன. வருடத்துக்கு சுமார் 34.5 கோடி கனடா டாலர் பந்தயத் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2012இல் அரசு அந்தத் திட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2013 மார்ச்சோடு நிறுத்தியும் விட்டது. குதிரைக் குட்டி பிறந்து பந்தயத்துக்குத் தயாராகவே இரண்டு வருடம் ஆகும். வரும் பரிசுப் பணத்தை நம்பிக் குட்டி எடுத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒரு வருடம். பென்சில்வேனியாவிலும் 2020இல் ஆளுநர் இந்த நிதியிலிருந்து 20.4 கோடி டாலரை எடுத்து மாணவர் உதவித்தொகைக்குக் கொடுக்க யோசனை வைத்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் கேட்டவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும். பிள்ளைகள் படிப்பா, குதிரைக்குப் பரிசா என்று கேட்டால் யார்தான் குதிரை பக்கம் நிற்பார்கள்? சதவீதத்தை மட்டும் நம்பி வாழும் திடல் இந்தக் கேள்வியை என்றைக்காவது ஒரு நாள் சந்தித்தே தீரும்.

அடுத்தது, திடலுக்கு வெளியே கேசினோ வாங்குவது. சர்ச்சில் டவுன்ஸ் இதில் தயங்கவே இல்லை. 2010 கடைசியில் மிசிசிப்பியில் ஹார்லோஸ், 2012இல் அதே மாநிலத்தில் ரிவர்வாக், 2013இல் மெயின் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட். 2014 டிசம்பரில் 88.5 கோடி டாலருக்கு பிக் ஃபிஷ் என்ற மொபைல் விளையாட்டு நிறுவனம்; அதை 2018இல் 99 கோடிக்கு ஆஸ்திரேலியாவின் அரிஸ்டோக்ராட்டிடம் விற்றது. இந்த வாங்கல்களில் முக்கியமானது 2019 மார்ச்சில் சிகாகோ அருகே டெஸ் பிளேன்ஸ் ஊரிலிருக்கும் ரிவர்ஸ் கேசினோவில் 61 சதவீதப் பங்கு. அது ஏன் முக்கியம் என்பதற்கு அர்லிங்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1927இல் திறந்த திடல் அர்லிங்டன். 1981இல் பத்து லட்சம் டாலர் பரிசுள்ள முதல் தரோபிரெட் (உயர்ரகப் பந்தயக் குதிரை) பந்தயம் இங்கேதான் ஓடியது; பெயர் அர்லிங்டன் மில்லியன், ஜெயித்த குதிரை ஜான் ஹென்றி. 1985 ஜூலை 31ஆம் தேதி பார்வையாளர் மாடம் முழுக்க எரிந்து போனது. 25 நாளில் இடிபாட்டை அகற்றி, கூடாரம் போட்டு, அந்த வருட மில்லியனைக் குறித்த நாளில் நடத்திக் காட்டினார்கள். 1989இல் புது மாடம் எழுந்தது. பந்தயம் பார்க்கிற எவரும் அமெரிக்காவின் மிக அழகான திடல்களில் ஒன்று என்றுதான் சொல்வார்கள்.

சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தில் ரேஸ் கோர்ஸ்களுக்கு எந்திரம் வேண்டும் என்று பல வருடம் கேட்டுக் கேட்டு, 2019 ஜூனில் சட்டம் வந்தது. அர்லிங்டனுக்கு 1,200 ஆட்ட இடங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆகஸ்டில், விண்ணப்பிக்கப்போவதில்லை என்று சர்ச்சில் டவுன்ஸ் அறிவித்தது. வரியோடு பரிசுப் பணத்துக்கான பங்கையும் சேர்த்தால் மற்ற கேசினோக்களைவிடச் சுமை மிக அதிகம், கட்டுப்படியாகாது என்பது அவர்கள் சொன்ன காரணம். கணக்கு அப்படித்தான் இருந்தது. சில மைல் தூரத்தில் ரிவர்ஸ் கேசினோவில் பெரும்பங்கு அவர்கள் கையில் இருந்தது. அங்கே விழும் பணத்தில் குதிரைக்குப் பங்கு இல்லை. அர்லிங்டனில் எந்திரம் வைத்தால் தன் கடைக்கு எதிரே தானே இன்னொரு கடை போட்ட மாதிரி, அதுவும் வாடகை கூடுதலான கடை. 2021 செப்டம்பர் 25 அன்று அர்லிங்டனில் கடைசிப் பந்தயம் ஓடியது. நிலத்தைக் கேட்டவர்களில் பந்தயத்தைத் தொடர விரும்பிய ஒரு குழுவும் இருந்தது. 2023இல் 19.72 கோடி டாலருக்கு அது சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியிடம் போனது. அதே வருடம் மாடத்தை இடித்தார்கள்.

கால்டரிலும் ஏறக்குறைய இதுதான். 2010இல் திடலை ஒட்டிக் கேசினோ திறந்தார்கள். 2014இல் பந்தயத்தை வேறொரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கேசினோ உரிமத்துக்கு ஏதாவது ஒரு நேரடி விளையாட்டு நடந்தால் போதும் என்று ஃபுளோரிடா சட்டத்தில் இடம் இருந்ததால், குதிரைக்குப் பதில் ஹை அலாய் என்ற பந்தாட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2020 நவம்பரில் குதிரைகள் கடைசியாக ஓடின. கேசினோ இன்னும் இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் நிறுவனம் சட்டத்தை மீறவில்லை, பங்குதாரருக்குத் தன் கடமையைச் செய்தது. அப்படியானால் கோளாறு எங்கே என்று பார்க்க, அதே நிறுவனம் கென்டக்கியில் நடந்துகொண்ட விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கென்டக்கியில் கேசினோவுக்குக் கதவு திறக்கவே இல்லை. பல வருடம் முயன்றும் சட்டமன்றம் அசையவில்லை. திறந்தது ஒரு பக்கவாட்டு ஜன்னல்: பழைய பந்தய எந்திரம். எப்போதோ நடந்து முடிந்த ஒரு பந்தயத்தை, குதிரையின் பெயரையும் நாளையும் மறைத்து எந்திரம் காட்டும். ஆடுகிறவர் எண்களைத் தேர்ந்தெடுப்பார், கட்டிய பணம் குவியலில் சேரும், அதிலிருந்தே பரிசு கிடைக்கும். அதனால் சட்டத்தின் கண்ணில் அது குதிரைப் பந்தயம். நேரில் பார்த்தால் சக்கரம் சுழலும் ஸ்லாட் எந்திரம்தான். 2000இல் ஆர்கன்சாவின் ஓக்லான் திடலில் தொடங்கி, 2011இல் கென்டக்கி டவுன்ஸ் என்ற சிறிய திடல் வழியே இந்த மாநிலத்துக்குள் வந்தது. ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் பரிசுப் பணத்தில் இன்று அமெரிக்காவின் முன்வரிசைத் திடல்களில் அந்தச் சிறிய திடலும் ஒன்று.

சர்ச்சில் டவுன்ஸ் 2018 செப்டம்பரில் லூயிவில்லில் டெர்பி சிட்டி கேமிங் என்ற பெயரில் இத்தகைய கூடத்தைத் திறந்தது. 20 லட்சம் டாலராக இருந்த டெர்பி பரிசு 2019இல் 30 லட்சம் ஆனது, 2024இல் 50 லட்சம். 2020 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் இந்த எந்திரங்களில் ஒரு வகை உண்மையான குவியல் பந்தயம் இல்லை என்று தீர்ப்பளித்தபோது எல்லாம் ஆட்டம் கண்டது. 2021 தொடக்கத்திலேயே சட்டமன்றம் விளக்கத்தை மாற்றி எழுதி எந்திரங்களைக் காப்பாற்றியது. இரண்டு வருடம் கழித்து, அந்த எந்திரங்களுக்குத் தொழில்நுட்பம் கொடுக்கும் எக்ஸாக்டா நிறுவனத்தையே சர்ச்சில் டவுன்ஸ் 25 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. வர்ஜீனியாவில் 2014இல் மூடிய கலோனியல் டவுன்ஸ் திடல், 2018இல் வந்த இதே மாதிரிச் சட்டத்தால் 2019இல் திரும்ப உயிர் பெற்றது. 2022இல் அதன் உரிமையாளரின் சொத்துகளில் பெரும்பகுதியை சர்ச்சில் டவுன்ஸ் 275 கோடி டாலருக்கு வாங்கியது. 2006இல் தான் விற்ற எல்லிஸ் பார்க்கையும் 2022இல் திரும்ப வாங்கியது. அடுத்த வருடம் டெர்பி நாட்களையொட்டி லூயிவில் திடலில் 12 குதிரைகள் இறந்து பெரும் கேள்விகள் எழுந்தபோது, மீதிப் பந்தயங்களை நடத்த அந்த எல்லிஸ் பார்க்தான் கைகொடுத்தது.

ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே காலம். சிகாகோவில் திடலை விற்றது. கென்டக்கியிலும் வர்ஜீனியாவிலும் திடல்களை வாங்கியது. நான் பார்த்தவரை காரணம் உரிமத்தில்தான் இருக்கிறது. கென்டக்கியில் பந்தயத் திடல் உரிமம் இருந்தால்தான் எந்திரம் வைக்க முடியும். குதிரை போனால் எந்திரமும் போகும். இலினாயில் ரிவர்ஸ் கேசினோவுக்குக் குதிரையே தேவையில்லை. ஃபுளோரிடாவில் ஏதாவது ஒரு விளையாட்டு போதும்.

இந்த எந்திரங்கள் புனிதமானவை என்று சொல்லவரவில்லை. பந்தயம் பார்க்க வருகிறவர் குதிரையின் பழைய ஓட்டங்களைப் படிக்கிறார், ஜாக்கி யார், மண் ஈரமா என்று யோசிக்கிறார். இந்தியாவில் 1996இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று சொன்னதும் இந்த அடிப்படையில்தான். எந்திரத்தின் முன்னால் உட்காருகிறவருக்கு அந்த யோசனைக்கு வேலை இல்லை, இடைவெளியும் இல்லை. அங்கே இழப்பவர்களின் பணம்தான் பரிசுப் பணமாக மாறுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த உண்மையைச் சேர்த்தே தேர்கிறோம்.

எந்திரமே வைக்காமல் பணம் வாங்கும் வழியையும் ஒரு திடல் முயன்றது. மினசோட்டாவின் கேன்டர்பரி பார்க் எந்திரம் கேட்டு நீண்ட காலம் போராடியது. பக்கத்திலேயே மிஸ்டிக் லேக் கேசினோவை நடத்தும் ஷாகோபி பழங்குடிச் சமூகத்துக்கு அது பிடிக்கவில்லை. 2012இல் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கேன்டர்பரி இனி எந்திரம் கேட்காது. பதிலாகப் பத்து வருடத்தில் 7.5 கோடி டாலர் பரிசுப் பணத்துக்கு வரும். மோதிக்கொண்டு வக்கீலுக்குக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். பத்து வருடமும் அந்தத் திடலில் நல்ல பந்தயம் நடந்தது. ஆனால் 2022 கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அடுத்த வருடமே பந்தய நாட்கள் குறைந்தன. 2024இல் பழைய பந்தய எந்திரத்துக்கு மாநிலப் பந்தய ஆணையம் அனுமதி கொடுத்தது, இரண்டு மாதத்துக்குள் சட்டமன்றம் அதைத் தடை செய்தது.

பங்கு வாங்க நினைக்கிறவர் என்னைக் கேட்டால், வெளியே கேசினோ வாங்கிய நிறுவனங்கள்தான் வளர்ந்தன என்று ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. குதிரை வளர்ப்பவர், பயிற்சியாளர், லாயத்தில் வேலை செய்பவர் சார்பாக முடிவெடுக்க வேண்டுமென்றால் என் முதல் தேர்வு, பந்தய உரிமத்தோடு எந்திரத்தைப் பிணைக்கும் கென்டக்கி, வர்ஜீனியா முறை. இரண்டாவது, எந்திரம் நடத்துகிறவரையும் பந்தயம் நடத்துகிறவரையும் பிரித்து வைக்கும் நியூயார்க் முறை. கேன்டர்பரி மாதிரி ஒப்பந்தம், பத்து வருடத்துக்குள் வேறு வருமானத்தைத் தேடிக்கொள்ளத் தெளிவான திட்டம் இருந்தால் மட்டும். கேசினோ நிறுவனத்தின் கையில் டெர்பி போல ஈடில்லாத பந்தயம் இல்லாத சாதாரணத் திடல் ஒன்று இருந்தால், அதன் எதிர்காலத்தை நான் நிலத்தின் விலையை வைத்தே கணிப்பேன்.

சட்டம் எழுதும் மேசையில் குதிரைக்காரர்களுக்கு இடம் கிடைத்தால் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, வருடத்தில் இத்தனை பந்தய நாளுக்குக் குறைந்தால் எந்திர உரிமம் அன்றே ரத்து. இரண்டாவது, பரிசுப் பணத்துக்கான பங்கு லாபத்தில் இல்லாமல் எந்திர வருமானத்தில் கணக்கிட வேண்டும். அதைக் குறைப்பதென்றால் குட்டி பிறந்து ஓடும் காலத்துக்காவது முன்னறிவிப்பு. மூன்றாவது, திடலை விற்பதென்றால் பந்தயம் நடத்த முன்வருகிறவருக்கு முதல் வாய்ப்பு.

அர்லிங்டனில் மூன்றாவது இல்லை. அர்லிங்டன் மில்லியன் 2023 முதல் வர்ஜீனியாவில், கலோனியல் டவுன்ஸ் புல்தரையில் ஓடுகிறது, அதே பெயரில்.